முதலில் துடைப்பத்தைக் கீழே போடுங்கள்

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில், சண்டியா மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு எடுத்த முதல் வாரம். கராஜ் மூலையில், முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், கருப்பு அரிசி மாதிரி எலிப் புழுக்கை கிடந்தது. எலி நமக்கு என்ன புதுசா? துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பிச்சேன். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துட்டுப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. "துடைப்பத்தைப் போட்டுட்டு முதல்ல வெளியே வா!"

அடுத்த எட்டு வாரமும் லேசாக உடம்பு வலித்தால் போதும், பயம்தான். ஏன் எட்டு வாரம் என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தப் பயத்தில் படிக்க ஆரம்பித்து எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை.

இடத்தை முதலில் புரிஞ்சுக்கணும். பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இது உயர்பாலைவனம். நகரின் ஆற்றோரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி. கிழக்கே மலையடி வீடுகள் 6,000 அடியைத் தொடும். அதற்கு மேலே 10,678 அடியில் சண்டியா சிகரம். வருஷத்துக்கு மொத்தமே ஒன்பது அங்குலம் அளவுக்குத்தான் மழை. கோடையில் சுடும், குளிர்கால இரவில் உறையும். வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேலி மட்டும்தான். அந்தப் பக்கம் ஜூனிபர், பின்யான் பைன், கள்ளி. அக்டோபரில் குளிர் இறங்கும்போது, அங்கே திரியும் ஜீவன்களுக்கு நம்ம வீடு என்பது மலையிலேயே இருக்கும் கொஞ்சம் கதகதப்பான இன்னொரு பொந்து. அவ்வளவுதான்.

அந்தப் பொந்துக்கு வருவதில் முக்கியமான ஆள் டீர் மௌஸ். நம்ம ஊர் சுண்டெலி மேலும் கீழும் ஒரே சாம்பல் நிறம். டீர் மௌஸுக்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, வாலும் மேலே கருமை, கீழே வெள்ளை என்று இரண்டு நிறம். பெரிய கண், பெரிய காது. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அதன் மூத்திரம், புழுக்கை, எச்சிலில் ஹன்டாவைரஸ் இருக்கலாம். எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காய்ந்த புழுக்கையைப் பெருக்கும்போது கிளம்பும் தூசியை நாம் மூச்சில் இழுத்தால்தான் வினை.

இது தெரிய வந்ததே 1993இல்தான். அந்த வருஷம் மே மாதம், நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா நான்கும் சந்திக்கும் பகுதியில், நவஹோ இனத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், நல்ல ஓட்டக்காரர், மூச்சுத் திணறி இறந்தார். அவர் போய்க்கொண்டிருந்தது தனக்கு நிச்சயமான பெண்ணின் இறுதிச் சடங்குக்கு. அந்தப் பெண்ணும் அதே மாதிரிதான் இறந்திருந்தார். சில வாரங்களிலேயே ஆராய்ச்சியாளர்கள் இது புது வகை ஹன்டாவைரஸ் என்றும், டீர் மௌஸ்தான் அதைச் சுமக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தின மாதங்களில் எல் நினோவால் மழையும் பனியும் வழக்கத்தைவிட அதிகம். செடிகொடி தழைத்தது, பின்யான் கொட்டை காய்த்துத் தள்ளியது, எலிகள் பல மடங்கு பெருகின. நல்ல மழைக்குப் பின் எலி பெருகி நோய் வரும் என்பதை நவஹோ பெரியவர்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தார்கள். வைரஸுக்கு முதலில் அந்தப் பகுதியின் பெயரையே வைக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 'சின் நோம்ப்ரே' என்று வைத்தார்கள். ஸ்பானிஷில் 'பெயரில்லாதது' என்று அர்த்தம்!

நோய் அபூர்வம்தான். ஆனால் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பதில்லை. இதற்கென்று தடுப்பூசியோ தனி மருந்தோ கிடையாது. தூசியை இழுத்ததிலிருந்து ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், தொடையிலும் முதுகிலும் வலி, சில நாள் கழித்து இருமல், மூச்சுத் திணறல். என் எட்டு வாரக் கணக்கு இதுதான். அந்த நாட்களில் டாக்டரிடம் போனால் "எலிப் புழுக்கை பெருக்கினேன்" என்று நாமே சொல்லணும். ஆரம்பத்தில் சாதாரண ஃப்ளூ மாதிரிதான் இருக்கும். 2025இல் நடிகர் ஜீன் ஹேக்மேனின் மனைவி, பியானோ கலைஞர் பெட்ஸி அரகாவா, சாண்டா ஃபே வீட்டில் இறந்ததற்குக் காரணம் இதுவே.

சரி, புழுக்கையை எப்படித்தான் எடுப்பது? கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்க. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அப்போதே கலந்து, புழுக்கை மேல் சொதசொத என்று ஊற வையுங்கள். ஐந்து நிமிஷம் போகட்டும். பேப்பர் டவலால் துடைத்து, பையில் போட்டுக் கட்டி, குப்பைத் தொட்டியில் சேருங்கள். பெருக்கவே கூடாது. வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம், தூசியை வீடு முழுக்க ஊதிவிடும். வெயில் படுகிற இடத்தில் வைரஸ் சீக்கிரம் செத்துப்போகும். மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஷெட், கராஜ், மலை கேபின் இவைதான் சந்தேகத்துக்குரிய இடங்கள்.

எலி வராமல் செய்ய வேண்டியது அடைப்பு வேலை. கால் அங்குல ஓட்டை போதும், எலி நுழைந்துவிடும். கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பென்சில் போகிற ஓட்டையில் எலியும் போகும் என்பது கணக்கு. கேஸ் குழாய் சுவருக்குள் போகிற இடம், கராஜ் கதவின் கீழ்மூலை, கூரை மேல் இருக்கிற கூலரிலிருந்து இறங்கும் குழாய் என்று கிடைத்ததை எண்ணி முடியலை. ஃபோம் மட்டும் அடித்தால் கடிச்சுட்டு வந்துடும். பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைத் திணித்து அதன் மேல் சிமென்ட்டோ சீலன்ட்டோ பூசணும். அப்புறம், குருவிக்குத் தானியம் வைக்கிறோம் என்று தொங்கவிடுகிறோமே, கீழே சிந்துவதெல்லாம் எலிக்குச் சாப்பாடு. இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து கரடியே அதைத் தேடி இறங்கி வரும். எனக்கு மனசில்லாமல்தான் கழற்றினேன்.

அடுத்தவர் பேக் ரேட். இது பெரிய ஆள், கண்டதையெல்லாம் பொறுக்கிக் குவிக்கும். கள்ளித் துண்டு, குச்சி, மாட்டுச் சாணி, பளபளக்கிற எதுவும். அந்தக் குவியல் மேல் மூத்திரம் காய்ந்து பிசின் மாதிரி இறுகிவிடும். பாறைப் பொந்துகளில் அப்படி இறுகிய குவியல்கள் நாற்பதாயிரம் வருஷத்துக்கும் மேல் கெடாமல் கிடக்கின்றன. அக்காலத்தில் இங்கே என்ன மரம் வளர்ந்தது என்பதை விஞ்ஞானிகள் அதைக் கரைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெருமை எல்லாம் சரி, அது என் கார் பானெட்டுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கிற வரைக்கும்! இங்கே ராத்திரி பானெட்டைத் திறந்தே வைக்கிற வீடுகள் உண்டு. இருட்டும் மறைவும் இல்லாத இடத்தில் பேக் ரேட்டுக்கு இருப்புக் கொள்ளாது. காரை அடிக்கடி ஓட்டுவதும் உதவும்.

இங்கே எல்லோருக்கும் கை போகிற இடம் விஷம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விஷம் தின்ற எலி தள்ளாடி வெளியே வரும், ஆந்தையும் பாப்கேட்டும் அதைத் தின்னும். இன்னொரு காரணம் பிளேக். ஆமாம், அதே பிளேக்தான். 1896இல் பம்பாயை உலுக்கி, கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவில்களை எழுப்ப வைத்த அதே உலகப் பரவல் 1900இல் கப்பல் வழியாக சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. ஊர் எலியிலிருந்து காட்டு அணில், பிரெய்ரி டாக் என்று தாவி, நியூ மெக்ஸிகோவில் இன்றும் தங்கியிருக்கிறது. பரப்புவது தெள்ளுப்பூச்சி. எலி செத்தால் தெள்ளு அதை விட்டுவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடும். வீட்டைச் சுற்றி எலிகளைக் கூட்டமாகக் கொன்றால் அந்த அடுத்த உடம்பு நம்ம பூனையாக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். அதனால் நாய் பூனைக்கு முதலில் தெள்ளு மருந்து, அப்புறம் வீட்டுக்குள் அடிக்கிற பொறி. செத்த எலியைக் கையால் தொடாமல், அதற்கும் பிளீச் தண்ணி தெளித்துப் பையில் போடணும். பிளேக்குக்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, சீக்கிரம் போனால் பிழைக்கலாம்.

மற்றவை இந்த அளவுக்கு இல்லை. பிளாக் விடோ சிலந்தி தண்ணீர் மீட்டர் பெட்டி, விறகுக் குவியல், கராஜ் அடிமூலையில் தாறுமாறாக வலை கட்டும். வலையைத் தொட்டால் நூல் அறுகிற சத்தமே கேட்கும், அவ்வளவு உறுதி. பகலில் ஒளிந்திருக்கும், ராத்திரி டார்ச் அடித்தால் தலைகீழாகத் தொங்கும், வயிற்றில் சிவப்பு மணல்கடிகாரம். ஷெட்டில் கிடந்த ஷூவையும் கையுறையையும் உதறிப் போடுங்கள், போதும். மே, ஜூனில் மில்லர் அந்துப்பூச்சிகள் சமவெளியிலிருந்து மலைப் பூக்களைத் தேடிப் போகிற வழியில் விளக்கைப் பார்த்து வீட்டுக்குள் வந்துவிடும். கடிக்காது, துணி தின்னாது. வாசல் விளக்கை அணைத்தால் சில வாரத்தில் போய்விடும். வாசலில் சரளைக்கல் நடுவே புற்று வைத்திருக்கிற ஹார்வெஸ்டர் எறும்பு கடித்தால் மட்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனாலும் அதை நான் தொடவில்லை, நடைபாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்த எறும்பைத் தின்னத்தான் கொம்புப் பல்லி வருகிறது. போன கோடையில் இரண்டு பார்த்தேன்.