உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டினால் கைரேகைக்கும் வேறு கணக்கு!

மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே பெருமுக்கல் மலை. அதன் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மல்லுக்கட்டினார்கள். 1760-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிடித்தார்! கோர்ட்டிலும் இரு தரப்புக்கும் ஒத்துப்போகாது. பிரெஞ்சு முறையில் தடயவியல் நிபுணரை நீதிபதியே நியமிப்பார். ஆங்கிலேய முறையில் அரசுத் தரப்பு ஒருவரை அழைத்து வரும், எதிர்த்தரப்பு இன்னொருவரை நிறுத்தும்!

மரக்காணத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே 1954 வரை பிரெஞ்சு ஆட்சி!

நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்கும் சட்டப்பிரிவு எது? இந்தியாவில் 45. வங்கதேசத்தில் 45. இலங்கையில் 45. மலேசியாவிலும் 45! மாநாடு போடவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய சட்டத்தையே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்!

அந்த ஒற்றுமையைக் கலைத்தது யார்? நாமேதான்! 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம். நம்மூர் நிபுணர் இப்போது பிரிவு 39-இல் குடியிருக்கிறார்!

புதிய நடைமுறைச் சட்டம் இன்னும் கறார். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமா? நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்தாக வேண்டும். ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்!

கைரேகையை லென்ஸில் பாருங்கள். கோடு சட்டென முடிகிறதா? ஒரு புள்ளி. இரண்டாகப் பிரிகிறதா? இன்னொரு புள்ளி. ஆளை உறுதிசெய்ய எத்தனை பொருந்த வேண்டும்? இந்தியாவில் 8 போதும் என்பது வழக்கம். ஜெர்மனியில் 12. இத்தாலியில் 16! இங்கிலாந்தும் 16-ஐப் பிடித்துத் தொங்கியது, 2001-இல் விட்டுவிட்டது. அமெரிக்காவில் 1973-லிருந்தே எண்ணிக்கைக் கணக்கு கிடையாது!

உலகின் முதல் கைரேகைக் கூடம் லண்டனில் இல்லை, கொல்கத்தாவில்! ஆண்டு 1897. ஸ்காட்லாந்து யார்டு விழித்துக்கொண்டது 1901-இல்தான்!

நம் சென்னைக்கு அதைவிடப் பழைய பெருமை. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் இங்கேதான். 1849!

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஒரு முடிவெடுத்தது. டி.என்.ஏ., கைரேகை ஆய்வகங்களுக்கெல்லாம் ஒரே தரச்சான்று, ஐ.எஸ்.ஓ. 17025. அயல்நாட்டு ஆய்வக முடிவையும் சொந்த ஆய்வக முடிவுக்குச் சமமாக நம்பியாக வேண்டும்!

2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் பல நாட்டு நிபுணர்கள் அடையாளம் தேடினார்கள். கையில் ஒரே இன்டர்போல் படிவம். காணாமல் போனவரின் விவரத்துக்கு மஞ்சள், உடலில் கண்டவற்றுக்கு இளஞ்சிவப்பு. பல், ரேகை, டி.என்.ஏ. இவற்றில் ஒன்றில் இரண்டு படிவங்களும் பொருந்தினால் ஆள் உறுதி! இன்டர்போலின் உறுப்பு நாடுகள் 196!