பூனை வரைந்த பாதி அறுகோணம்

மூன்று கோடு வரைந்துவிட்டுப் பூனை நின்றுவிட்டது. திரையில் இருந்தது முக்கோணம் இல்லை. முனை சேராத ஒரு கோணல் கோடு.

"சமபக்க முக்கோணத்துக்கு உள்ளே 60 டிகிரிதானே சித்தி? அதைத்தானே போட்டிருக்கேன்" என்றாள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள். சதுரம் அவளுக்கு முதல் முயற்சியிலேயே வந்திருந்தது. 100 அடி நகர், 90 டிகிரி திரும்பு. இதை நான்கு முறை செய். அதில் நான்கை மூன்றாக்கி, 90-ஐ 60 ஆக்கியிருந்தாள். தப்பு எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் பழகிக்கொண்டிருந்தது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்ட மொழி. எட்டு முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, காசு கிடையாது. இதில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டை. இழுத்துவந்து ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, பச்சைக் கொடியைத் தட்டினால் திரையில் இருக்கும் பூனை அவற்றை மேலிருந்து கீழாகச் செய்யும். நகர்வுக்கு நீலம், தொடக்கத்துக்கு மஞ்சள், 'திரும்பச் செய்', 'இப்படி இருந்தால்' போன்றவற்றுக்கு ஆரஞ்சு. வடிவத்துக்கும் அர்த்தம் உண்டு. ஆம், இல்லை என்று பதில் தரும் கட்டை அறுகோணமாக இருக்கும். அது உட்காரும் குழியும் அறுகோணம்தான். எண்ணைத் தரும் உருண்டைக் கட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒட்டாது.

நான் கல்லூரியில் சி மொழி படித்தபோது ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் திரை நிறையப் பிழைச் செய்தி வரும். முதல் மாதம் முழுக்க நிறுத்தற்குறி தேடுவதிலேயே கழிந்தது. கட்டைகளில் அந்தப் பிழைக்கு வழியில்லை. ஆனால் யோசனையில் இருக்கும் பிழை அப்படியே நிற்கும். நான் ஒரு மாதம் கழித்துச் சந்தித்த அந்தப் பிழையை இவள் முதல் நாளே சந்தித்துவிட்டாள். ஸ்கிராட்சை நான் இவ்வளவு நேசிப்பது இதற்காகத்தான்.

விடையை நான் சொல்லவில்லை. "நீயே பூனையா நடந்து பாரு" என்றேன். கூடத்துத் தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டோம். கோட்டின் மேலேயே நடந்து மூலைக்கு வந்து நின்றாள். முகம் நேரே பார்க்கிறது, அடுத்த கோடோ பின்பக்கமாக ஓடுகிறது. அதில் கால் வைக்க, சதுரத்தில் திரும்பியதைவிட அதிகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. "சித்தி! உள்ளே இருக்கிற கோணம் இல்ல, நான் திரும்புற கோணம்!" 180-ல் 60 போக 120. சதுரத்துக்கு இரண்டு கோணமும் 90 என்பதால் வித்தியாசம் தெரியாமலே போயிருந்தது. பிறகு பழைய 60-ஐயே வைத்துக்கொண்டு, மூன்று முறையை ஆறாக்கினாள். அழகான அறுகோணம்.

இந்த நடைப் பாடம் ஸ்கிராட்சுக்கு முந்தியது. 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொர்ஸைக் முதலானோர் உருவாக்கிய லோகோ மொழியில் கோடு போட்டது ஓர் ஆமை. ஆமையின் இடத்தில் தன் உடம்பை வைத்துப் பார்க்கும் குழந்தைக்கு வடிவியல் தானே வசப்படும் என்று பேப்பர்ட் நம்பினார். ரெஸ்னிக் அவரோடு வேலை செய்தவர்.

'திரும்பச் செய்' என்ற வித்தை நம் வாசலிலும் இருக்கிறது. சிறு இழையொன்றைத் திருப்பித் திருப்பிப் போட்டே பெரிய கோலம் எழுகிறது. கணினிப் பாடநூல்கள் மடக்கு என்று சொல்வதும் அதைத்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கணினி இலக்கண விதிகளால் கோலத்தை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-லேயே வெளியிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு விளையாட்டு செய்தாள். பூனை எலியைத் தொட்டால் ஒரு பாயின்ட். எத்தனை முறை தொட்டும் ஸ்கோர் பூஜ்யத்திலேயே நின்றது. கொடியைத் தட்டிய கணத்தில் 'எலியைத் தொட்டிருக்கிறதா' என்று ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுக் கணினி வேலையை முடித்துக்கொண்டது. 'எப்போதும்' என்ற கட்டையின் வாய்க்குள் அந்தக் கேள்வியை நுழைத்தாள். இப்போது ஒரு தொடலுக்கே ஸ்கோர் மளமளவென்று ஏறியது, தொட்டுக்கொண்டே இருக்கிறதே! பிடிபட்டதும் எலி வேறிடத்துக்குத் தாவ வேண்டும் என்று சேர்த்தாள். சரியானது. இரண்டாவது ஆட்டம் பழைய ஸ்கோரிலிருந்தே தொடங்கியது. ஸ்கோரை வைத்திருக்கும் மாறி, தன்னிடம் வைத்ததை நாம் மாற்றும்வரை விடாது. தொடக்கத்தில் 0 போட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

இதெல்லாம் பொம்மை விளையாட்டு, நிஜ புரோகிராமிங் இல்லை என்பவர்கள் உண்டு. ஆனால் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற சி.எஸ்.50 வகுப்பு ஸ்கிராட்சில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் ஸ்கிராட்ச் இருக்கிறது. அதை ஒரு தடவைகூடத் தொடாமல், கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஆசிரியர்களே, ஒரே ஒரு கணினி இருந்தாலும் போதும். இணையம் இல்லாமலும் இயங்கும்படி நிறுவிக்கொள்ளலாம். முக்கோணத்தை மட்டுமாவது அவர்கள் கையாலேயே வரையச் சொல்லுங்கள். 60 என்று போடட்டும், தடுக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஐந்து முனை நட்சத்திரம் வேண்டியிருந்தது. 360-ஐ ஐந்தால் வகுத்து 72 போட்டாள், ஐங்கோணம் வந்தது. பூனை கண்ணிமைப்பதற்குள் வரைந்துவிடுகிறது என்று மடக்குக்குள் 'ஒரு விநாடி காத்திரு' கட்டையைச் சேர்த்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். இருட்டும் நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"சித்தி, நட்சத்திரத்துக்கு ரெண்டு சுத்து சுத்தணும்! 720-ஐ ஐந்தால வகுக்கணும்!"