காம்பவுண்டுச் சுவரும் கண்மாய்க் கரையும்

‘சொகுசு வீடு’ என்ற பெயரில் விற்கப்படுவது வெறும் வீடு அல்ல. மார்பிளும் தேக்கும் காசு இருந்தால் செல்லூர்ச் சந்துக்கும் வந்து இறங்கும். புறநகர் வில்லாவுக்குக் கூடுதலாக வைக்கப்படும் விலை வேறொன்றுக்கு: பக்கத்தில் யார் இருக்கமாட்டார்கள் என்கிற உத்தரவாதத்துக்கு. இந்த உத்தரவாதம் எப்படி உற்பத்தியாகிறது, எந்த நிலத்தின் மீதும் எந்தத் தண்ணீரின் மீதும் நிற்கிறது என்பதை மதுரையை முன்வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

மதுரை பற்றிய பெருங்கதையாடல் வீதிகளால் ஆனது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக வீதிகள். மையத்தை விட்டு விலக விலக அந்தஸ்து குறையும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிபட்டு, அகழி தூர்க்கப்பட்டு, நகரம் வெளியே வழிந்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்களை இன்றைக்கும் சுமக்கின்றன. பின்னாளில் வீட்டுவசதி வாரியம் வந்தது. உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என்று அரசு மனிதர்களைத் தரம் பிரித்ததில் புனிதம் ஒன்றுமில்லை. என்றாலும் எல்லோரும் ஒரே ரேஷன் கடையில் நின்றார்கள், ஒரே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. 2023இல் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டது. வட்டம் தலைகீழாகிவிட்டது: பணம் இப்போது மையத்தைவிட்டு வெளியே போகிறது, போகும்போது தனக்கென ஒரு சுவரையும் கொண்டு போகிறது.

மான்செஸ்டரைப் பற்றி 1845இல் எங்கெல்ஸ் எழுதியபோது ஒன்றைக் கவனித்தார். புறநகர் பங்களாவிலிருந்து அலுவலகம் போகும் முதலாளி, சாலையின் இருபக்கக் கடைகளைத் தாண்டித் தொழிலாளர் குடியிருப்பைப் பார்க்காமலேயே போய்வர முடியும். நகரமே அப்படி அமைந்திருந்தது. மேம்பாலம் இதை இன்னும் சுலபமாக்கிவிடுகிறது. கீழே இருப்பதை மறைக்கக் கடைகள்கூட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்காக அழகர்கோயில் சாலை, ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் என்று கொஞ்ச நாள் வீடு பார்த்து அலைந்தேன். ஒரு தரகர் சொன்னது அப்படியே: “பக்கத்துல காலனி இருக்கேன்னு யோசிக்காதீங்க சார். எட்டடிக்குக் காம்பவுண்டு போடுறோம். அவங்க வழி வேற, நம்ம வழி வேற.” இதில் சாதியின் பெயர் எங்கும் இல்லை. தேவையும் இல்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகலாம், சுவர்?

இதே மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் மக்களை விலக்கி எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதையும் வில்லாச் சுவரையும் ஒன்றென்று சொல்வது அவசரம். அது ஊர் கூடிக் கட்டியது. இது விலைப்பட்டியல் கட்டுவது. அதை வெளிப்படையாகத் தீண்டாமை என்று சொல்ல முடிந்தது. இதைப் ‘பாதுகாப்பு’, ‘பிரைவசி’ என்கிறார்கள். ஆனால் விலக்குவது என்கிற வேலை இரண்டுக்கும் பொது. காலையில் பாத்திரம் கழுவவும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும், ராத்திரி கேட்டில் உட்காரவும் அதே ‘வேற வழி’யிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். உழைப்புக்குக் கேட் திறக்கும், உறவுக்குத் திறக்காது.

மைத்துனர் போனில் கேட்டார்: “மச்சான், பத்திரம் க்ளியரா இருந்தாப் போதும்ல?” போதாது. வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். நிலம் நீர்நிலைப் புறம்போக்கா, பஞ்சமியா என்பதை அது சொல்லாது. அதற்கு ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும், 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளையும் பார்க்கவேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது; அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பல கைமாறி, புதுப் பட்டாவில் அந்த அடையாளமே அழிந்துபோவதுதான் நடைமுறை. ‘க்ளியர்’ என்பது சில சமயம் நன்றாகத் துடைக்கப்பட்டது என்று பொருள்படும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் விளம்பரத்தில் வராது. முதலாவது, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடுகின்றன. அவை பொதுச் சொத்து, அங்கே கேட் போட்டு “யாரப் பாக்கணும்?” என்று கேட்க வாட்ச்மேனுக்கு உரிமை கிடையாது. இரண்டாவது, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மனைகளாக இருக்கவேண்டும். ஆக, பலதரப்பட்ட மனிதர்கள் சேர்ந்து வாழும் புறநகரைச் சட்டமே கோருகிறது. சொகுசு என்பது அந்தக் கோரிக்கையை வரைபடத்தின் மூலைக்குத் தள்ளும் கலை.

அப்புறம் தண்ணீர். இந்தச் சமவெளியின் கண்மாய்கள் சங்கிலி மாதிரி: ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. ஆயக்கட்டு வயல் மனையானதும் மடைக்கு வேலை இல்லை. மடைக்கு வேலை இல்லாத கண்மாய் ‘காலி இட’மாகத் தெரிகிறது. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேர மழையில் செல்லூரும் பீபீகுளமும் மூழ்கின. அடுத்த மாதமே பீபீகுளம் முல்லை நகர் மக்களுக்கு, குளத்து நிலத்தை ஆக்கிரமித்ததாகச் சொல்லி, வீட்டைக் காலிசெய்ய நோட்டீஸ் வந்தது. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய் நிலத்தில். அது வளர்ச்சி, முல்லை நகர் ஆக்கிரமிப்பு. நீர்நிலை காக்கப்பட வேண்டியதே, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிற சொல் யார்மீது ஒட்டும், யார்மீது ஒட்டாது என்பதைத் தண்ணீர் தீர்மானிப்பதில்லை.

வீட்டுப் பிரச்சினையை முதலாளியம் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று 1872இல் எங்கெல்ஸ் வாதிட்டார். நம் ஊரில் தண்ணீரும் சேர்ந்து இடம் மாறுகிறது: மேட்டில் மண்ணடித்து உயர்த்திய வில்லாவின் மழைநீர் பள்ளத்துக் குடிசைக்குள் போகிறது. எனவே வீடு வாங்கப் போகிறவரும், போராடப் போகிறவரும் கேட்கவேண்டிய காகிதங்கள் ஒன்றேதான்: அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடம், சாலைகளின் தானப் பத்திரம், நலிந்தோர் மனைகள் எங்கே என்ற விவரம், ‘அ’ பதிவேடு. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். கிராம சபையில் அந்த வரைபடத்தை விரித்து வைத்து, “இந்த ரோடு யாருது?” என்று சத்தமாகக் கேட்கலாம். பதில் சொல்லவேண்டியவர்கள் கேட்டுக்கு உள்ளேயும் இருக்கிறார்கள்.