ஒரு பொய்ச் செய்தியும் லிவர்பூலின் வாக்கும்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பல கடைகளில் ‘தி சன்’ நாளிதழ் கிடைக்காது. கடைக்காரர்களே வரவழைப்பதில்லை. நாட்டிலேயே அதிகம் விற்கும் நாளிதழாகப் பல ஆண்டுகள் கோலோச்சிய பத்திரிகையை ஒரு நகரம் 1989 முதல் தள்ளி வைத்திருக்கிறது. ஒரு கால்பந்து ஆட்டத்தில் நடந்த துயரத்தைப் பற்றி அது வெளியிட்ட பொய்தான் காரணம். கோபத்தில் தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு, அந்த வட்டார மக்களின் அரசியல் கருத்தையும் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறது.

1980களில் பிரிட்டனை ஆண்டது மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி. கால்பந்து ரசிகர் என்றாலே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று அரசு பார்த்த காலம் அது. அந்தப் பார்வைக்குக் காரணமும் இருந்தது. 1985 மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் பெருங்கலவரம் செய்தார்கள். மே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மீது பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ஆங்கிலேய கிளப்புகளுக்குத் தடை விழுந்தது. ரசிகர்கள் அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்ற மசோதாவை அரசு கொண்டுவந்தது. பல மைதானங்களில் ரசிகர்களுக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே இரும்பு வேலி நின்றது.

அந்த வேலிதான் 1989 ஏப்ரல் 15 அன்று எமனாக வந்தது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் எடுத்த லிவர்பூல் ரசிகர்கள் சுமார் 10,000 பேர். அவர்கள் நுழைய ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்கதவுகள் ஏழே ஏழு. வெளியே நெரிசல் முற்றியதும், பிற்பகல் 2.52 மணிக்குப் பெரிய கதவு ஒன்றைத் திறக்கக் காவல் அதிகாரி உத்தரவிட்டார். திறந்தவர்கள், எதிரே இருந்த சுரங்கப்பாதையை மறிக்கவில்லை. சரிவான அந்தப் பாதை நேராக, வேலி போட்டுப் பிரித்த நடு அடைப்புகளுக்குப் போனது. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் வேலியோடு வேலியாக நசுங்கினார்கள். ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. இறந்தவர்களில் மிகச் சிறியவனுக்கு வயது 10. பின்னாளில் லிவர்பூல் கேப்டனான ஸ்டீவன் ஜெரார்டின் உறவுக்காரச் சிறுவன் அவன். காயத்தின் விளைவாகப் பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களையும் சேர்த்தால் பலி 97.

ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்று பொறுப்பில் இருந்த காவல் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு அன்றே சொன்னார். அது பொய். நான்கு நாள் கழித்து ‘தி சன்’ முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்ற பெரிய தலைப்பு. இறந்தவர்களின் பையில் லிவர்பூல் ரசிகர்கள் திருடினார்கள், உதவிக்கு வந்த போலீசார் மீது சிறுநீர் கழித்தார்கள், அடித்தார்கள் என்று செய்தி. ஷெஃபீல்டில் இருந்த ஒரு செய்தி நிறுவனம் வழியாக அது வந்தது. அந்த நிறுவனத்துக்குச் சொன்னவர்கள் சில போலீசாரும், இர்வின் பாட்னிக் என்ற உள்ளூர் கன்சர்வேட்டிவ் எம்.பி.யும்.

கண்ணீர் காயாத வீடுகளில் அந்தப் பத்திரிகை விழுந்தபோது ஊரே கொதித்தது. தெருவில் பிரதிகளை எரித்தார்கள். வாங்குவதை நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான்.

இதன் அரசியல் விளைவை ஆராய்ந்த இரு அறிஞர்களின் கட்டுரை 2022இல் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. ‘தி சன்’ அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தை விடாமல் தாக்கி எழுதிய பத்திரிகை. அதைக் கைவிட்ட, லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு வட்டாரத்தில், இங்கிலாந்தின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால், ஐரோப்பிய எதிர்ப்பு குறைந்தது என்று பல்லாண்டுக் கருத்துக் கணிப்புகளை வைத்து அவர்கள் காட்டினார்கள். பெரிய மாற்றம் உழைக்கும் வர்க்கத்திடம்தான் தெரிந்தது. ‘தி சன்’ படித்துவந்த அவர்களில் பலர் லேபர் கட்சி சார்ந்த ‘டெய்லி மிரர்’ பக்கம் போயிருந்தார்கள். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் இங்கிலாந்தில் 53 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னபோது, லிவர்பூலில் 58 சதவீதம் பேர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரு பத்திரிகையின் தலையில் கட்டிவிட முடியாது. லிவர்பூல் நகரம் கன்சர்வேட்டிவ் எம்.பி. யாரையும் 1983 முதலே தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுக வேலைகள் போய், ஆலைகள் மூடி, 1981இல் டாக்ஸ்டெத்தில் கலவரம் வெடித்த ஊர் அது. நகரத்தை மெல்லத் தேயவிடலாம் என்ற யோசனை தாட்சர் அமைச்சரவையிலேயே எழுந்ததை, பின்னர் வெளியான அரசு ஆவணங்கள் காட்டின. அதை எதிர்த்து ஊரைத் தூக்கி நிறுத்த முயன்ற மைக்கேல் ஹெசல்டைனும் கன்சர்வேட்டிவ் அமைச்சர்தான். இப்படி ஏற்கெனவே புண்பட்டிருந்த ஊரின் மீதுதான் ஹில்ஸ்பரோ பொய் விழுந்தது.

உண்மை முதலில் வந்தது, துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைகளில். காவல்துறையின் கட்டுப்பாடு தோற்றதே முதன்மைக் காரணம் என்றார் அவர். அடையாள அட்டைத் திட்டத்தையும் அவர் ஏற்கவில்லை. அரசு அதைக் கைவிட்டது. பெரிய மைதானங்களில் வேலிகள் போய் இருக்கைகள் வந்தன. ஆனால் ரசிகர்கள் மீது பூசிய கறை உடனே போகவில்லை. 2004இல்கூட, போரிஸ் ஜான்சன் ஆசிரியராக இருந்த ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழின் தலையங்கம் குடித்த ரசிகர்கள் மீது பழி போட்டது. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் உத்தரவின்பேரில் ஜான்சன் லிவர்பூலுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. 2012இல் சுயேச்சைக் குழு ஒன்று லட்சக்கணக்கான பக்கங்களைத் துருவி, போலீசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதைக் கண்டுபிடித்தது. கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதைத் தயங்காமல் செய்தது அவருக்குப் பெருமை. ‘தி சன்’ பத்திரிகையும் முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தது. 2016இல் மரண விசாரணையின் ஜூரிகள், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள் மீது தவறில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள். இருந்தும் 2019இல் குற்றவியல் வழக்கில் டக்கன்ஃபீல்டு குற்றவாளி அல்ல என்று வேறொரு ஜூரி சொன்னது.

டீக்கடையில் விரித்த பேப்பரும் மைதானத்தில் கேட்ட பேச்சும் சேர்ந்துதான் எந்த ஊரிலும் சாதாரண மனிதரின் அரசியல் கருத்து உருவாகிறது. ஆகவே ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்கும் செய்தி கைக்கு வந்தால், அதைச் சொன்னவர் யார், பழி தம் மீது விழாமல் தப்ப அவருக்குத் தேவை இருந்ததா என்று பார்த்த பிறகே வாசகர்கள் அதை நம்பட்டும், அடுத்தவருக்கு அனுப்பட்டும்.