பொங்கல் முதல் கத்திரி வெயில் வரை: வீட்டுத் தோட்டத்துக்கு 110 நாள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணோ, மொட்டை மாடியில் நாலு பையோ வைத்திருப்பவர்களுக்கு இன்று சில விஷயங்களைச் சொல்லப்போகிறேன்.

“மாசி கடைசியில வெண்டை போட்டேங்க. செடி நல்லாத்தான் வந்தது. காய்க்கிற நேரத்துல இலையெல்லாம் மஞ்சளாப் போய், கிணத்துலயும் தண்ணி இறங்கிப்போச்சு.” பங்குனி, சித்திரை வந்தால் இந்தக் குறை பல வீடுகளில் கேட்கும். விதையைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை நாளில்தான் இருக்கிறது.

விதைப் பொட்டலத்தில் “வசந்த காலத்தில் விதைக்கவும்” என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. அங்கே கடைசி உறைபனி என்றைக்கு விழும் என்று பார்த்து, அதிலிருந்து வாரத்தை முன்னோக்கி எண்ணுவார்கள். நம் மாநிலத்திலும் ஊட்டிக்காரர்கள் உறைபனிக்குப் பயந்துதான் பயிர் வைக்கிறார்கள். நமக்கு அந்தப் பயம் கிடையாது. தை மாதத்து அதிகாலையில்கூட நம் பக்கம் ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும். நமக்குப் பகை வெயில். ஆகவே அக்கினி நட்சத்திரம் தொடங்கும் மே 4-ஆம் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். பொங்கலிலிருந்து அது வரைக்கும் ஏறக்குறைய 110 நாள். நம்முடைய வசந்த காலம் அவ்வளவுதான்.

இந்த 110 நாளுக்குள் எது அடங்கும் என்று பாருங்கள். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்; மூன்று தடவை போடலாம். வெண்டை 45 நாளில் காய்க்க ஆரம்பித்து 90, 100 நாளில் ஓயும். கொத்தவரையும் அப்படித்தான், அது வெயிலையும் தாங்கும். பாகலும் புடலையும் 120 நாளைத் தாண்டும். அதனால் அவற்றை மார்கழி நடுவிலேயே சிறு பாலித்தீன் பையில் போட்டு, நாற்றாக்கிப் பொங்கலுக்கு நட்டுவிடுங்கள். பாகல் விதையின் தோல் தடிப்பு. ஓர் இரவு தண்ணீரில் ஊறினால்தான் சீக்கிரம் முளைக்கும்.

தக்காளிதான் பலரை ஏமாற்றுகிறது. பொங்கலன்று விதை தூவினால், நாற்று பிடுங்கி நடும்போது மாசி பிறந்துவிடும். பூ எடுக்கும்போது பங்குனி. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்க ஆரம்பித்தால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் கொட்டிவிடும். கடல் காற்று நம் பக்கம் வந்து சேர நேரமாவதால், கடற்கரைப் பக்கத்தைவிட ஆவடி, பூந்தமல்லியில் உஷ்ணம் கூடுதல். தக்காளி வேண்டுமானால் பொங்கலுக்கே நாற்றை வாங்கி நடுங்கள். இல்லையென்றால் இந்தப் பட்டத்தில் அதை விட்டுவிடுவது நல்லது.

இனி மண். மழை விட்ட மறுநாளே மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் செங்கல்லாகக் காய்ந்துவிடும். பிறகு அந்தப் பருவம் முழுக்க வேர் இறங்காது. ஏரிப் பாசன வயலை மனையாக்கிய இடங்களில் அடியில் இந்தக் களிதான் இருக்கிறது.

அதற்கு மேலே மனைக்காரர் கொட்டியது என்ன என்பது இன்னொரு சங்கதி. சிமெண்டுக் கலவை, சுண்ணாம்பு, உடைசெங்கல் எல்லாம் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும். பயிருக்கு இரும்புச் சத்து கிடைக்காமல், நரம்பு பச்சையாகவும் நடு இலை மஞ்சளாகவும் வெளுக்கும். யூரியா போட்டால் இது தீராது. பாத்தி போடும் இடத்தில் மட்டும் ஓர் அடி ஆழத்துக்கு அள்ளி எறிந்துவிட்டுச் செம்மண் நிரப்புவதே வழி. பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்கு மக்கிய தொழு உரம் 20 முதல் 25 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ போதும்.

ஏரி வண்டல் நல்லதுதானே என்று கேட்பார்கள். கிராமத்து ஏரி வண்டல் நல்லதுதான். ஆனால் கழிவுநீர் சேரும் நகரத்து ஏரி மண்ணைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்ததுபோல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால், தோட்டத்தில் படியும் சேற்றை இரண்டு அங்குலம் வழித்தெடுத்துவிட்டு, மண்ணை வெயில் காய விடுங்கள். அந்த வருஷம் கீரையும் முள்ளங்கியும் வேண்டாம். தரையைத் தொடாமல் பந்தலில் காய்க்கிற கொடிகளைப் போடுங்கள்.

வெண்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முன்பு ‘பூசா சவானி’ என்ற ரகம் வீட்டுக்கு வீடு இருந்தது. மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் என்றுதான் அது வந்தது. நாளடைவில் அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது. இப்போது ‘அர்கா அனாமிகா’ போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றரை அடி வரிசை, செடிக்குச் செடி ஓர் அடி, குழிக்கு இரண்டு விதை. முளைத்ததும் நோஞ்சானைப் பிடுங்கிவிடுங்கள். இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. வெயில் ஏற ஏற அதுவும் பெருகும். தையில் போட்ட செடி, ஈ பெருகுவதற்குள் பாதிக் காயைக் கொடுத்துவிடும். மாசிக் கடைசியில் போட்டது பிஞ்சிலேயே மாட்டிக்கொள்ளும். நோய் வந்த செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். ஈயைக் குறைக்க, பழைய டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவிவைத்தால் அதைத் தேடிப் போய்விடும். பாவம், அதற்கும் வயிறு இருக்கிறதே.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்ததை நாம் பார்த்தோம். அம்மாதிரி வருஷத்தில் சித்திரை மாதம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு மனசு வரும்? கிணறு இறங்குவதற்குள் அறுவடை முடிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். இருக்கிற ஈரத்தைக் காப்பாற்ற மூடாக்கு போடுங்கள். மாசி, பங்குனியில் வேப்ப மரமும் வாதாம் மரமும் இலை கொட்டும். அதைத் தெருவில் கூட்டிக் கொளுத்துகிறோம். கொளுத்தாமல் செடியைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பினால், தினம் ஊற்றும் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு மொத்தமும் அதில் திரண்டு நிற்கும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்த உப்புதான். அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

மாடித் தோட்டக்காரர்கள் பங்குனி பிறந்ததும் தொட்டிகளைக் கிழக்குச் சுவர் ஓரம் நெருக்கி வைத்து, 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். மேற்கு வெயில் படும் சுவர் இரவெல்லாம் அனல் கக்கும்.

கத்திரி பிறந்த பிறகு முருங்கையும் கொடிப்பசலையும் நின்றால் போதும். மற்ற பாத்தியை ஆடி வரைக்கும் சும்மா விடலாம். அதற்கு முன்னால், நோய் படாத வெண்டைச் செடி ஒன்றில் மூன்றாவது, நாலாவது காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, செடியிலேயே காய்ந்ததும் எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிப் புட்டியில் மூடி வையுங்கள். வீரிய ஒட்டு விதையாக இருந்தால் இப்படி எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒன்றுபோல் வராது. ரக விதை வேண்டுமென்றால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ மார்கழியிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் நெருங்கும்போது போனால் லீவு வந்துவிடும்.