குடைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஜொகூரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்தால் போதும். குளுவாங் லம்பாக் மலைப் பாதையிலும், கோத்தா திங்கி அருவியைச் சுற்றிய காட்டிலும், 1,276 மீட்டர் உயர லேடாங் மலையின் அடிவாரத்திலும் காளான்கள் முளைத்துவிடும். நடக்கப் போகிறவர்கள் நின்றபடியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, "இது என்ன காளான்? சாப்பிடலாமா?" என்று நண்பர்களைக் கேட்கிறார்கள். மேலிருந்து எடுத்த அந்தப் படம் முதல் கேள்விக்கே போதாது. காளானின் அடையாளம் பெரும்பாலும் குடைக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும்தான் இருக்கிறது.

இந்தக் காடுகளின் காளான்களை ஊன்றிப் படித்தவர் இ.ஜே.எச். கார்னர். 1929இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணிக்குச் சேர்ந்த அவர், ஜொகூரின் செடிலி ஆற்றையொட்டிய சதுப்புக் காடுகளில் அலைந்து திரிந்தார். உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்துப் போடக் குரங்குகளைப் பழக்கியவரும் அவரே. விழுந்து கிடக்கும் மரங்களில் மெல்லிய பழுப்புப் புனல் போல, வட்ட வட்டக் கோடுகளும் மஞ்சள் பாதமுமாக ஒரு காளான் நிற்குமே, மைக்ரோபோரஸ் சாந்தோபஸ், அதைப் பற்றி 1932இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதன் உடல் மூன்று வகை இழைகளால் ஆனது என்று காட்டினார்: வளரும் இழை, தாங்கும் இழை, பிணைக்கும் இழை. மரத்தில் வளரும் கெட்டிக் காளான்களை இனம் பிரிக்க உலகெங்கும் இன்றும் இந்த முறை பயன்படுகிறது.

பார்க்க வேண்டிய நான்கு

முதலாவது, இடம். மண்ணிலா, மரத்திலா, புற்றிலா? அருகில் நிற்பது என்ன மரம்?

இரண்டாவது, குடையின் அடிப்பக்கம். செவுள்கள் இருக்கின்றனவா, நுண்துளைகளா? அவற்றின் நிறம் என்ன?

மூன்றாவது, பாதம். தண்டில் வளையம் உண்டா? அடியில் பை போன்ற உறை உண்டா? மேலோடு ஒடித்துப் பறித்தால் இந்த அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும்.

நான்காவது, வித்துத்தூள். முற்றிய காளானின் குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் செவுள்கள் கீழே படும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால், தூள் தாளில் படியும். அதன் நிறம் முக்கியமான சாட்சி.

புற்றுக்காளானும் போலியும்

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மவர்களுக்குப் புற்றுக்காளான் புதிதல்ல. கறையான்கள் புற்றுக்குள் பயிரிட்டு வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவது அது. தண்டு வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்கும், வித்துத்தூள் இளஞ்சிவப்பு. இந்த இனத்தைச் சேர்ந்த டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை 1979இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்.

ஏமாற்றுவது, புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். குடையின் நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். மண்ணுக்குள் இறங்கும் வேர் கிடையாது. வித்துத்தூள் பச்சை. ஆனால் இளம் காளானில் செவுள்கள் வெள்ளையாகவே இருக்கும், அங்கேதான் ஆபத்து. தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

செம்பனைக் குலைக் கழிவில் முளைக்கும் காளானையும் பலர் விரும்பிச் சமைக்கிறார்கள். வைக்கோல் காளான் என்பதும் அதுவே. அதன் பாதத்தில் பை உண்டு, வளையம் இல்லை, வித்துத்தூள் இளஞ்சிவப்பு. அதேபோல் பாதத்தில் பை உள்ள அமனிட்டா வகைக் காளான்களின் வித்துத்தூளோ வெள்ளை. அவை காட்டு மரங்களின் வேரோடு உறவுகொண்டு வளர்பவை. சிங்கப்பூர், மலாயா அமனிட்டாக்களைப் பற்றி கார்னரும் ஆய்வாளர் பாஸும் 1962இல் தனி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அமனிட்டாக்களில் சில ஈரலை அழிக்கும். அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகலாம். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வைக்கோல் காளான் என்று நம்பி அமனிட்டாவைத் தின்றவர்கள், அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களில் பலர்.

பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் உயிருக்கு உத்தரவாதம் தராத நம்பிக்கைகள். இவற்றைக் கைவிடுங்கள்.

பூங்காக்களிலும் வனக் காப்பகங்களிலும் அனுமதியின்றிப் பறிக்காதீர்கள். குனிந்து அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். இடத்தையும் மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறியாத காளானை யாராவது தின்றுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் மிச்சக் காளானோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவர்களுக்கு வழிகாட்ட பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. பெயர் உறுதியாகத் தெரியாத காளான் எதுவும் உங்கள் வீட்டு அடுப்பில் ஏற வேண்டாம்.