பிழைக்குக் கணக்கு வைத்த கனூத்

அமெரிக்க நிரலாளர் டொனால்ட் கனூத் 1938இல் மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1962இல் அடிசன்-வெஸ்லி பதிப்பகம் நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தரும்படி அவரைக் கேட்டது. எழுத எழுத அது 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற ஏழு பாகத் திட்டமாக நீண்டுவிட்டது. முதல் மூன்று பாகங்கள் 1968, 1969, 1973 ஆண்டுகளில் வந்தன. 1974இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. நான்காம் பாகம் மட்டுமே தனித்தனிப் புத்தகங்களாகப் பிரிந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நிரலாளர்கள் அவரிடம் கற்றது அதிகமும் இந்த வேலையின் நடுவே வந்த ஒரு தடங்கலிலிருந்துதான். 1977இல் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பதிப்புக்கான புரூஃப் வந்தது. ஈய அச்சிலிருந்து புதிய ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியதில் கணிதக் குறிகளெல்லாம் அழகு கெட்டிருந்தன. நூலை அப்படியே நிறுத்திவிட்டு, அச்சுக்கோப்புக்கென்றே 'டெக்' என்ற மென்பொருளை எழுத உட்கார்ந்தார். ஓராண்டில் முடியும் என்று போட்ட கணக்கு பத்தாண்டைத் தாண்டியது. கணித ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் இன்றும் டெக்கில்தான் உருவாகின்றன.

முதல் வடிவத்தின் நிரல் முழுவதையும் காகிதத்தில் கையால் எழுதி முடித்த பிறகே அவர் கணினியில் ஏற்றினார். 1978இல் சோதனை தொடங்கியதிலிருந்து, செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு பதிவேட்டில் குறித்துவந்தார். திருத்தங்களுக்கு 15 வகைகள், வகைக்கு ஓர் எழுத்து. வழிமுறையே கோணிப்போயிருந்தால் 'ஏ'. எழுத வேண்டியதை மறந்திருந்தால் 'எஃப்'. எதிர்பாராத சூழலில் சறுக்கியிருந்தால் 'எஸ்'. வெறும் தட்டச்சுப் பிழை என்றால் 'டி'. இந்தப் பட்டியலை 1989இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார். தன் தவறுகளை இப்படி வகை பிரித்து ஊரறிய வைத்தவர்கள் இத்துறையில் அரிது.

பிழை கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசும் உண்டு. நூலில் ஒரு பிழைக்கு 2.56 டாலர். 256 என்பது பதினாறடிமான முறையில் 100 என்று எழுதப்படும், கணினிக்காரரின் குறும்பு. டெக்கில் பிழை பிடித்தால் கிடைத்த தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. பரிசாக வந்த காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டியவர்கள் பலர். காசோலை மோசடிகளுக்குப் பயந்து 2008 முதல், 'சான் செரிஃப்' என்ற கற்பனை நாட்டு வங்கியின் சான்றிதழைத் தருகிறார்.

நிரல் முதலில் மனிதர் படிப்பதற்கு, பிறகுதான் கணினிக்கு என்பது அவர் 1984இல் முன்வைத்த கருத்து. விளக்க உரையும் நிரலும் ஒன்றாகக் கலந்த முறை அது. டெக்கின் நிரல் முழுவதும் அப்படியே 1986இல் நூலாக வந்தது. ஆனால் அந்த முறை பரவலாகவில்லை. பத்துப் பேர் சேர்ந்து வாரந்தோறும் நிரலை மாற்றும் அலுவலகத்தில் இந்த நிதானத்துக்கு இடம் ஏது? 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையே கைவிட்ட அவரைப்போல் எல்லோரும் ஒதுங்கிவிடவும் முடியாது. ஒட்டிக்கொண்டது பிழைக்குப் பதிவேடு வைக்கும் பழக்கம்தான். அதுவும் அவர் ஒருவரால் மட்டும் வந்ததல்ல.

டெக்கில் புதிய வசதி எதுவும் இனிச் சேராது. பிழைத் திருத்தம் மட்டுமே. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பதிப்பு எண் 'பை'யின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. 2021இல் அது 3.141592653 ஆனது. அடுத்த பரிசீலனையை 2029க்கு வைத்திருக்கிறார்.